கோட்டுக்கு உள்ளே நின்ற மரம்

மே மாதத்தில் ஓக் மரத்தின் மேல் கத்தி படக் கூடாது என்று அந்த மலைமுகட்டில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவள் லவோன். சர்ச்சில் காபி குடிக்கும் நேரத்தில், பால் கூட்டுறவில், மளிகைக் கடை வரிசையில், எங்கே ஆள் சிக்கினாலும் பிடித்து நிறுத்திச் சொல்வாள். இலை துளிர்க்கும் காலத்தில் பட்டை கிழிந்தால் சாறு கசியும். சாற்று வாசனைக்கு வண்டு வரும், வண்டோடு வாடல் நோய் வரும். சிவப்பு ஓக் என்றால் கோடை முடிவதற்குள் நின்றபடியே சாகும். அதோடு போனாலும் பரவாயில்லை. மண்ணுக்கடியில் பக்கத்து மரத்து வேரும் இதன் வேரும் ஒட்டிப் பிணைந்து கிடப்பதால், நோய் அந்த வழியாகவே மரம் விட்டு மரம் நடந்து போகும். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன தங்கை ஆர்டிஸ், "அக்கா வர்றா, எல்லாரும் கோடாலிய ஒளிச்சு வைங்க" என்று கிண்டல் செய்வாள்.

அப்பேர்ப்பட்ட லவோன்தான், ஒரு மே மாத வெள்ளிக்கிழமை, டெல்மரின் புதர் அரைக்கும் இயந்திரத்தைத் தன் காட்டுக்குள் விட்டாள்.

அவளுக்கும் காரணம் இருந்தது. யாருக்குத்தான் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற நாள் முதல் அவள் உயிரைக் கொடுத்துச் சீர்படுத்திய நிலம் அது. தெற்குச் சரிவு முழுக்கப் புல்வெளி. அதை வசந்தத்தில் பகுதி பகுதியாகத் தீயிட்டு எரித்து, பழைய சருகு போய்ப் புதுப் புல்லும் பூவும் எழும்படி செய்திருந்தாள். மேலே முகட்டில்தான் ஓக் காடு. அங்கே சீமைப் புதர்கள் இடுப்பளவுக்கு மண்டி வெயிலைத் தரையில் விழவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தன. வெயில் விழாத தரையில் ஓக் விதை முளைத்தாலும் தலையெடுக்காது. கையால் வெட்டி, வெட்டிய கட்டையில் மருந்து தடவி, கிழக்குப் பாதியை முடித்திருந்தாள். மருந்து தடவ மறந்த கட்டைகள் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்து அவளைப் பார்த்துச் சிரித்தன. மேற்குப் பாதிக்கு அவள் முதுகு ஒத்துழைக்கவில்லை.

இயந்திரம் இறங்க வேண்டுமென்றால் பனிக்காலத்தில் தரை உறைய வேண்டும். அந்த வருடம் உறையவில்லை. ஜனவரியிலும் சேறு, மார்ச்சிலும் சேறு. மே மாதம் தரை காய்ந்தபோது டெல்மர் வந்து நின்றான்.

"இந்த வாரம் ஒண்ணுதான் கையில இருக்கு அக்கா. இத விட்டா அடுத்த வருஷம்தான்."

"மே மாசம்டா."

"நான் புதரத்தானே அரைக்கப் போறேன். ஓக் பக்கம் போவேனா?"

அவள் யோசித்தாள். அடுத்த வருடம் முதுகு எப்படி இருக்குமோ, தான் எப்படி இருப்போமோ. ஆசை கண்ணை மறைத்தது. காப்பாற்ற வேண்டிய ஒவ்வொரு ஓக்கிலும் நெஞ்சுயரத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு வளையம் அடித்துக்கொண்டு இயந்திரத்துக்கு முன்னால் நடந்தாள். வளையம் போட்டதைத் தொடாதே என்பது கணக்கு. பட்டை கிழிந்தால் உடனே பூசுவதற்கென்று அவள் எப்போதும் வண்டியில் வைத்திருக்கும், அழுத்தினால் பீய்ச்சும் பெயிண்ட் டப்பா அதுதான்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் இயந்திரத்தின் பின்பகுதி திரும்பும்போது ஒரு சிவப்பு ஓக்கை உரசியது. வெள்ளை வளையத்துக்குச் சரியாகக் கீழே, கையகலத்துக்குப் பட்டை உரிந்து தொங்கியது. உள்ளே ஈரமான மரம் வெளுப்பாகத் தெரிந்தது. லவோன் ஓடிப்போய் டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே பெயிண்டைக் கலக்கும் குண்டு மட்டும் கடகடவென்று உருண்டது. எல்லாப் பெயிண்டும் வளையத்துக்கே போயிருந்தது.

டெல்மர் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ஆர்டிஸ் அக்கா வீடு இதோ இருக்கே. அவங்க கொட்டகையில ஏதாவது பெயிண்ட் இருக்கும். கேட்டுட்டு வரவா?"

வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், தங்கையின் வீட்டுக் கூரை தெரிந்தது. லவோன் அதைப் பார்த்தாள். தங்கை வாசலில் நின்று, "ஏன்கா, மே மாசம் மரத்த தொடக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்களே, யாரது?" என்று கேட்கப்போவது அவள் காதில் இப்போதே விழுந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அது இன்னொரு முறை விழும்.

"வேண்டாம். நான் டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன்," என்றாள்.

டவுன் பக்கத்தில் இல்லை. கடைக்காரன் பேச்சுக்காரன். அவள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காயத்தின் ஓரத்தில், சாறு கசிந்த இடத்தில், எள்ளளவு வண்டுகள் மினுமினுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் மேலேயே பெயிண்டை அடித்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் டப்பா தீரும்வரை அடித்தாள்.

ஆகஸ்ட்டில் அந்த மரத்தின் உச்சி இலைகள் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறின. பாதி பச்சையாகவே உதிர்ந்தன. அரசாங்க வன அலுவலர் ரோலண்ட் வந்து ஒரு கிளையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வருவதற்கு முன்பே பக்கத்து மரமும் உதிர்க்கத் தொடங்கிவிட்டது.

ரோலண்ட் நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "மண்ணுக்குள்ள கத்தி விட்டு வேர்களப் பிரிக்கணும்மா. அந்தக் கத்தி போற கோட்டுக்கு உள்ள இருக்கிற சிவப்பு ஓக் எல்லாத்தையும் வெட்டிடணும். நோய் வந்ததையும், வராததையும்."

"வராதத ஏன்?"

"வந்திருச்சா இல்லையான்னு பாத்தா தெரியாது. தெரியும்போது அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்."

எவ்வளவு பெரிய மரமோ அவ்வளவு தூரம் வேர் ஓடும். ரோலண்ட் அளந்து அளந்து கொடி நட்டுக்கொண்டு போனார். கொடிகள் வேலியைத் தாண்டின. வேலிக்கு அந்தப் பக்கம் கொடிகளுக்கு உள்ளே நின்றது ஒரே மரம், ஆர்டிஸின் சமையலறை ஜன்னலுக்கு எதிரே நின்ற பெரிய சிவப்பு ஓக்.

அந்த மரத்தை யாரும் ஆர்டிஸின் மரம் என்று சொல்வதில்லை, நார்வலின் மரம் என்றுதான் சொல்வார்கள். நார்வல் ஆர்டிஸின் கணவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விளங்காமல் போன பிறகு, விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பார். மரத்தில் ஆர்டிஸ் பறவைத் தீனியாகக் கட்டித் தொங்கவிட்ட கொழுப்புக் கட்டியைக் கொத்த மரங்கொத்தி வரும், தலைகீழாக இறங்கும் சின்னக் குருவிகள் வரும். பேச்சில் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல், சரிதான். பசித்தாலும் சரிதான், வலித்தாலும் சரிதான். எது எந்தச் சரிதான் என்று ஆர்டிஸுக்கு மட்டும் தெரியும். குருவி வந்ததும் சொல்லும் சரிதானில் ஒரு இழுப்பு இருக்கும்.

ரோலண்ட் ஒரு வழி சொன்னார். நோய் வந்த மரங்களுக்கும் நார்வலின் மரத்துக்கும் நடுவே உள்கோடு ஒன்று போடலாம். கத்தி முழு ஆழத்துக்கு இறங்கினால் நார்வலின் மரத்தை விட்டுவைத்துப் பார்க்கலாம். ஒருவேளை நோய் முன்பே தாண்டியிருந்தாலும், அந்த மரத்துக்கு அப்பால் போடும் வெளிக்கோடு மிச்சக் காட்டைக் காக்கும். வெளிக்கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் முகட்டின் முக்கால்வாசி இருந்தது. பள்ளத்தாக்கில் வசிக்கும் நாலைந்து குடும்பங்களின் காடும், சர்ச்சின் முகாம் தோப்பும் அதில் அடக்கம்.

"ரெண்டும் போடறோம்," என்றாள் லவோன்.

ஆர்டிஸ் அதற்கு ஒத்துக்கொண்டாள். எப்படி நோய் வந்தது என்று அவள் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

அக்டோபரில் டெல்மர் ஆள் உயரக் கத்தி பூட்டிய வண்டியோடு வந்தான். கத்தி நடுங்கிக்கொண்டே மண்ணைப் பிளந்து போகும்போது வேர்கள் அறுபடும் சத்தம் காலுக்கடியில் கேட்கும். வெளிக்கோடு வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. உள்கோடு பாதிவரை ஒழுங்காகத்தான் போனது. நார்வலின் மரத்துக்கு நேர் எதிரே வந்ததும் வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. டெல்மர் பின்னால் வந்து மறுபடி விட்டான், மறுபடி தூக்கியது. சற்றுத் தள்ளி விட்டுப் பார்த்தான். அங்கேயும் பாறை. சுண்ணாம்புப் பாறை அடுக்கு முழங்கால் ஆழத்திலேயே படுத்துக் கிடந்தது. அதன் வெடிப்புகளுக்குள் வேர் போகும், கத்தி போகாது.

டெல்மர் இயந்திரத்தை அணைத்தான். காலால் மண்ணைத் தள்ளிப் பிளவை மூடினான்.

"பாக்க கோடு போட்ட மாதிரிதான் இருக்குது," என்று மெதுவாகச் சொன்னான். "ஆபீசர் வந்து தோண்டியா பாக்கப் போறாரு? வெளிக்கோடுதான் இருக்கே. அது போதும் அக்கா."

போதாது என்று அவளுக்குத் தெரியும். அறுத்த வேர்கள் சில வருடத்தில் மறுபடி கைகோத்துக்கொள்ளும். அதுவரை நோய் மரம் உள்ளே நின்றால் கோடு போட்டதே வீண். ஆனால் சில வருடம் என்பது நார்வலுக்கு மிச்சமிருக்கும் காலமாகவும் இருக்கலாம். இந்தக் கணக்கைப் போட்டதற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. வந்தபோதும் கணக்கு மனதை விட்டு இறங்கவில்லை. ஜன்னலில் நார்வல் இடது கையைத் தூக்கி ஆட்டினார். இயந்திரத்தை வேடிக்கை பார்ப்பது அவருக்குப் பிடிக்கும்.

ஆர்டிஸ் காபி பிளாஸ்க்கும் ஆப்பிள் கேக்குமாக வேலியைத் தாண்டி வந்தாள். "என்னக்கா, முடிஞ்சுதா? பிழைச்சுதா மரம்?"

லவோன் டெல்மரைப் பார்த்தாள். அவன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"இல்லடி. பாறை. கத்தி இறங்கல."

"இறங்கலன்னா?"

"மரம் கோட்டுக்கு உள்ள வந்துருச்சு."

ஆர்டிஸ் காபியை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள், மூடியைத் திருகினாள். டெல்மருக்கு ஒரு கப்பைக் கொடுத்தாள். அக்காவுக்குக் கொடுக்கவில்லை.

"ஏன் டெல்மர், மே மாசம் என்னதான் நடந்துச்சு?" என்று அவனைக் கேட்டாள்.

அவனுக்குப் பொய் வராது. பட்டை கிழிந்தது, டப்பா காலியானது, அக்கா டவுனுக்குப் போனது, எல்லாம் சொன்னான்.

"டவுனுக்கா?" ஆர்டிஸ் அப்போதுதான் அக்கா பக்கம் திரும்பினாள். "எங்க கொட்டகையில வாசப்படிக்கு அடிச்ச பெயிண்ட் அரை டப்பா இருக்கு. நார்வல் கடைசியா கையால அடிச்சது. அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன்."

"நீ கிண்டல் பண்ணுவேன்னு..."

"பண்ணியிருப்பேன். கண்டிப்பா பண்ணியிருப்பேன். பண்ணிட்டு பெயிண்ட எடுத்து கொடுத்திருப்பேன்."

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். வேலிக்கு அருகே நின்று, "என் மரத்த யாரும் தொடக்கூடாது. அடுத்த வருஷம் சாகுதா பாக்கலாம்," என்றாள்.

அதன் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. லவோன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இடப்பக்கம் உட்கார்ந்தால் ஆர்டிஸ் வலப்பக்கம் உட்கார்ந்தாள். ஊர் இதைக் கவனித்தது. எந்த ஊர்தான் கவனிக்காது. முகட்டில் காடு வைத்திருந்த பள்ளத்தாக்குக்காரர்கள் லவோனிடம் நேரில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் காபி எடுக்கப் போனால் ஓக் பேச்சு சோளப் பேச்சாக மாறியது. இத்தனை வருடம் ஊருக்குப் பாடம் எடுத்தவள் இப்போது மழை பற்றிப் பேசவும் கூச்சப்பட்டாள்.

நவம்பரில் சர்ச் விருந்து. மீனுக்கு ஒரு கூட்டம், உருளைக்கிழங்கு ரொட்டிக்கு ஒரு கூட்டம் என்று அடித்தளச் சமையலறை ஆவியில் மூழ்கியிருந்தது. ரொட்டி தேய்ப்பதில் அக்கா தங்கை இருவருக்கும் ஈடு கிடையாது என்பதால், பொறுப்பில் இருந்தவள் இருவரையும் ஒரே மேசையில் போட்டுவிட்டாள். லவோன் தேய்த்தாள், ஆர்டிஸ் நீளக் குச்சியால் எடுத்துக் கல்லில் போட்டுத் திருப்பினாள். கைகள் பழகிய கைகள், பேச்சில்லாமலே வேலை ஓடியது.

ஒரு ரொட்டியைத் திருப்பியபடியே ஆர்டிஸ் பேசினாள். "இந்த இலையுதிர் காலம் பூரா நான் என்ன பண்ணேன்னு தெரியுமா? காலைல எழுந்ததும் ஜன்னலுக்கு முன்னாடி விழுந்த இலைய பொறுக்கி பாப்பேன். பச்சையா, பழுப்பான்னு. மத்தியானம் போய் பாப்பேன். அவர் குருவிய பாப்பார், நான் இலைய பாப்பேன். இன்னொரு வருஷம் என்னால முடியாதுக்கா. ஜனவரியில வெட்டிடு."

லவோனின் கை மாவுக் கட்டையில் நின்றது. "ஆர்டிஸ்..."

"ரொட்டி கிழியுது, பாத்து தேய். இன்னொண்ணு. அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

ஜனவரியில் அந்த வருடம் தரை இரும்பாக உறைந்தது. போன வருடம் உறைந்திருக்கக் கூடாதா என்று லவோன் ஒவ்வொரு அடிக்கும் நினைத்தாள். கோட்டுக்கு உள்ளே இருந்த தன் சிவப்பு ஓக்குகளையெல்லாம் முதலில் வெட்டச் சொன்னாள். வெள்ளை வளையம் போட்டுக் காப்பாற்றியவை ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் நார்வலின் மரம். அன்று காலை அவள் தங்கை வீட்டுக்குள் போய், ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, இந்த மரத்த இன்னைக்கி வெட்டப் போறோம். நோய் பரவாம இருக்கறதுக்காக. தப்பு என்னோடது."

நார்வல் அவளைப் பார்த்துச் சிரித்தார். "சரிதான்."

லவோனுக்கு நெஞ்சு லேசானது. அடுப்படியில் நின்ற ஆர்டிஸ் திரும்பாமலே சொன்னாள். "அத வச்சு சந்தோஷப்பட்டுக்காத. காலைல கஞ்சிக்கும் அதத்தான் சொன்னார்."

டெல்மரின் ஆட்கள் ரம்பத்தை ஓட்டினார்கள். மரம் புல்வெளிப் பக்கமாக, அவர்கள் நினைத்த இடத்திலேயே விழுந்தது. வீட்டுச் சுவர் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. லவோன் அடிக்கட்டையின் மேல் குனிந்தாள். கைக்கத்தியால் பட்டையை உரித்தாள். நோய் இருந்தால் உள்மரத்தில் பழுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். ஒரு பக்கம் பார்த்தாள், சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தாள். பால் போல வெளுப்பு. ஒரு கீற்றுக்கூட இல்லை.

ஆர்டிஸ் கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றிருந்தாள். "என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு." இதைச் சொல்லிவிட்டு லவோன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் பாடம் எடுத்த வாய் தானாக ஓடியது. "சுத்தமா இருந்தா நல்லதுதான். நோய் இதுவரைக்கும் வரலன்னு அர்த்தம். கோடு சரியா விழுந்திருக்கு. முகடு தப்பிச்சுது."

"ஆரோக்கியமா இருந்த மரத்த வெட்டினா, சரியா பண்ணியிருக்கோம்னு அர்த்தமா?"

"ஆமா," என்றாள் லவோன். அது உண்மை. அதைவிடக் கேவலமான உண்மையை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆர்டிஸ் அவளைத் தூக்கிவிடவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள்.

"உள்ள போய் அவர பாரு," என்றாள் பிறகு.

சமையலறையில் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. அந்த அறையில் அத்தனை வெளிச்சத்தை லவோன் பார்த்ததே இல்லை. ஜன்னல் முழுக்க வெள்ளை வானமும் பனி மூடிய சரிவும்தான். கொழுப்புக் கட்டியை ஆர்டிஸ் ஒரு இரும்புக் கம்பத்தில் மாற்றிக் கட்டியிருந்தாள். அதில் ஒன்றும் வந்து உட்காரவில்லை. நார்வல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, காபி தரட்டுமா?"

அவர் திரும்பவில்லை.

"குளிருதா? போர்வ எடுத்துட்டு வரவா?"

லவோன் அவர் முன்னால் வந்து மண்டியிட்டு, விளங்காத அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ முறை அர்த்தமில்லாமல் கேட்டுச் சலித்த அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். அவர் வாய் ஒருமுறை அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது.

ஆர்டிஸ் பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். "என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலடி."

ஆர்டிஸ் கையுறைகளைக் கழற்றி அடுப்பின் மேல் காயப்போட்டாள்.

"அப்ப அவருக்கு புரிஞ்சிருக்கு," என்றாள்.